ஷோலே: முதன்முறை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ரமேஷ் சிப்பி இயக்கி 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ஹிந்திப் படம் ஷோலே. தீக்கங்குகள் என்று பொருள். பெயரும் இரண்டொரு வசனமும் காதில் விழுந்து, படத்தைப் பார்க்காமலே வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்காகவே இந்தப் பக்கம். கதையின் முடிச்சுகளை அவிழ்க்கும் கேள்விகள் கடைசிப் பகுதியில் உள்ளன. எச்சரிக்கை வரும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, படம் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

கதை என்ன?

ஜெய், வீரு இருவரும் சில்லறைத் திருடர்கள், உயிர் நண்பர்கள். அவர்களை ஒருமுறை கைது செய்த முன்னாள் போலீஸ் அதிகாரி தாகுர் பல்தேவ் சிங், கப்பர் சிங் என்ற கொள்ளைக்காரனை உயிரோடு பிடித்துக் கொடுக்கும்படி அவர்களைக் கூலிக்கு அமர்த்தி ராம்கட் கிராமத்துக்கு வரவழைக்கிறார். அங்கே குதிரை வண்டி ஓட்டும் பசந்தியும், தாகுரின் விதவை மருமகள் ராதாவும் இருக்கிறார்கள். இதற்கு மேல் தெரியாமல் பார்ப்பதே நல்லது.

ஜெய் அமிதாப் பச்சன், வீரு தர்மேந்திரா, தாகுர் சஞ்சீவ் குமார், கப்பர் அம்ஜத் கான், ராதா ஜெயா பாதுரி. பசந்தியாக வரும் ஹேமமாலினி பிறந்தது தஞ்சை வட்டாரத்து அம்மன்குடியில்.

ஐம்பது வருடத்துப் பழைய படம். இன்று எடுபடுமா?

எடுபடும். காரணம் சண்டை அல்ல, சலீம் கான் - ஜாவேத் அக்தர் இணையின் எழுத்து. ஓரிரு காட்சியில் வந்துபோகிறவர்கள்கூட மனதில் நிற்கிறார்கள். பாறை உச்சியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் சாம்பா படம் முழுக்கப் பேசுவது ஏறக்குறைய ஒரே ஒரு பதில்தான். அந்தப் பாத்திரத்தின் பெயர் நாட்டுக்கே தெரியும்.

நட்பையும் இந்தப் படம் வசனத்தில் விளக்குவதில்லை. ஜெய்யும் வீருவும் 'நீ என் உயிர்' என்று சொல்லிக்கொள்வது கிடையாது. கிண்டல் செய்கிறார்கள், ஒருவர் காலை ஒருவர் வாருகிறார்கள், எதையும் காசு சுண்டித் தீர்மானிக்கிறார்கள். வீருவுக்குப் பெண் கேட்க ஜெய் பசந்தியின் மௌசியிடம், அதாவது பெரியம்மா முறையுள்ளவரிடம், போகும் காட்சியைக் கவனியுங்கள். நண்பனைப் புகழ்வதுபோலவே பேசி, அவன் சூதாட்டம், குடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அந்த அம்மாள் முன் கொட்டிவிடுகிறான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது. நெருங்கிய நண்பன் மட்டுமே செய்யக்கூடிய துரோகம் அது.

எவ்வளவு நேரம் ஓடும்? ஏன் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நீளம் போட்டிருக்கிறார்கள்?

இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1975இல் தணிக்கைக்குப் பிறகு தியேட்டருக்கு வந்த வடிவம் 198 நிமிடம். இயக்குநர் முதலில் முடித்த, வெட்டுப்படாத வடிவம் 204 நிமிடம். அது வீடியோவில் 1990 வாக்கில்தான் வெளியே வந்தது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், நொடிக்கு 24 பிரேம் கொண்ட படத்தைப் பழைய டிவிடிகள் சிலவற்றில் 25 பிரேமாக ஓட்டியிருப்பார்கள். அப்போது படம் 4 சதவீதம் வேகமாக முடிந்துவிடும். 204 நிமிடம் 196 ஆகும், 198 நிமிடம் 190 ஆகும். ஆகவே 196 என்று இருந்தால் உடனே குறைப்பிரதி என்று ஒதுக்காதீர்கள், அது முழுப் படமாகவே இருக்கலாம். 190க்கும் கீழே போனால் எதையோ வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் பாட்டோ நகைச்சுவையோ போயிருக்கும்.

எந்தப் பிரதியைத் தேடுவது?

முடிந்தால் 2025இல் மீட்டெடுத்த பிரதி. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் சிப்பி ஃபிலிம்ஸும் சேர்ந்து செய்த வேலை அது. மூல நெகட்டிவ் கெட்டுப்போயிருந்தது. புளித்த காடி வாடை அடிக்க அடிக்கப் படச்சுருள் சுருங்கிச் சிதைகிற நோய் அது. அசிடேட் சுருள்களுக்கு எமன். அதனால் வேறு இடங்களில் பத்திரமாகக் கிடைத்த இடைநிலைப் பிரதிகளை, அதாவது மூல நெகட்டிவிலிருந்து எடுத்த நகல்களை, கொண்டு 4கே தரத்தில் மீட்டார்கள். நீக்கிய இரண்டு காட்சிகளும் அசல் முடிவும் திரும்பச் சேர்ந்தன. 2025 ஜூன் 27 அன்று இத்தாலியின் பொலோன்யா நகரச் சதுக்கத்தில் முதலில் திரையிட்டார்கள். டிசம்பர் 12 அன்று இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது.

2014 ஜனவரியில் ஒரு 3டி வடிவமும் வெளியானது. முதன்முறை பார்ப்பவர்களுக்கு அது வேண்டாம். ஆழம் காட்டுவதற்காகப் பின்னாளில் செய்த மாற்றம் அது, ஒளிப்பதிவாளர் துவாரகா திவேசா பார்த்த படம் அல்ல.

டிவியில் பார்க்கும்போது எதைச் சரிசெய்ய வேண்டும்?

மூன்று விஷயம். முதலாவது, படத்தின் அகலம். 35 எம்எம் சுருளில் எடுத்து 70 எம்எம்முக்குப் பெரிதாக்கிய படம் இது, அகலம் உயரத்தைப்போல் 2.2 மடங்கு. உங்கள் டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் அதுதான் சரி. பட்டையை ஒழிக்க 'ஜூம்' போட்டால் பாறை மேல் நிற்கும் ஆட்கள் ஓரத்தில் காணாமல் போவார்கள். சதுரமாகத் தெரியும் பழைய டிவி பிரதிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, அசைவை வழுவழுப்பாக்கும் வசதி. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும், பட அமைப்பில் 'மோஷன்' என்ற சொல்லோடு தேடுங்கள். அதை அணைக்காவிட்டால் குதிரைத் துரத்தல் எல்லாம் சீரியல் படப்பிடிப்பு போல ஆகிவிடும்.

மூன்றாவது, ஒலி. இந்தப் படத்தில் மௌனம் அதிகம், திடீரென வெடிக்கும் சத்தமும் அதிகம். சத்தத்தைச் சமன்செய்யும் 'நைட் மோட்' போட்டால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து, கப்பரின் காலடிச் சத்தம் வெறும் காலடிச் சத்தமாகிவிடும்.

ஒரே மூச்சில் பார்க்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் கண்ட இடத்தில் நிறுத்தாதீர்கள். ஹோலிப் பண்டிகைத் தாக்குதலுக்குப் பிறகு தாகுர் தன் கடந்த காலத்தைச் சொல்லும் நீண்ட பகுதி வரும். அது முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, மறுநாள் மீதியைப் பாருங்கள். கதை அங்கேதான் தானாக மூச்சு விடுகிறது. பாதிச் சண்டையில் நிறுத்தினால் மறுநாள் அந்தச் சூடு திரும்ப வராது.

ஹிந்தி தெரியாது. சப்டைட்டில் போதுமா?

போதும். ஆனால் சப்டைட்டில் கைவிடும் இரண்டு இடங்கள் உண்டு. பசந்தி மூச்சுவிடாமல் பேசுகிறாள், எழுத்து அவள் வேகத்துக்கு ஓடாது. அங்கே வாசிப்பதை விட்டுவிட்டு முகத்தையும், அருகில் ஜெய் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருப்பதையும் பாருங்கள். கப்பரின் பேச்சில் வட இந்தியக் கிராமத்து வழக்கு கலந்திருக்கிறது. இழுத்து, புகையிலையை மென்றுகொண்டு பேசுவான். அந்த இழுவையை எந்த மொழிபெயர்ப்பும் தராது.

சில சொற்களை முன்பே தெரிந்துகொண்டால் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். தோஸ்தி என்றால் நட்பு. 'யார்' என்ற ஹிந்திச் சொல் நண்பா, மச்சான் என்பதுபோல. டாகு, கொள்ளைக்காரன். மௌசி, அம்மாவின் சகோதரி. இனாம் நமக்கும் பழகிய சொல்தான், இங்கே தலைக்கு வைத்த விலை. கோலி என்றால் துப்பாக்கிக் குண்டு. நமக் என்றால் உப்பு. தோற்றுத் திரும்பிய கொள்ளைக்காரன் ஒருவன் கப்பரிடம் 'உங்கள் உப்பைத் தின்றவன்' என்று கெஞ்சுவான். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்ந்த நமக்கு அந்தக் கெஞ்சலின் கனம் விளக்காமலே புரியும். அடுத்து கப்பர் சொல்லும் பதில் ஏன் அத்தனை கொடூரமாக ஒலிக்கிறது என்பதும்.

இன்னொன்று: ஜெய்யும் வீருவும் ஒருவரை ஒருவர் 'தூ' என்றுதான் அழைக்கிறார்கள். நம் 'டா' போட்ட பேச்சு. சப்டைட்டிலில் அது தெரியாது.

சப்டைட்டில் உதட்டசைவோடு ஒட்டவில்லையே?

எப்படி விலகுகிறது என்று பாருங்கள். தொடக்கம் முதல் ஒரே அளவு தள்ளி வந்தால் பிளேயரில் தாமதத்தைக் கூட்டிக் குறைத்தால் சரியாகிவிடும். போகப் போக விலகல் வளர்ந்தால் அது மேலே சொன்ன 24, 25 பிரேம் சிக்கல், தாமதத்தை மாற்றிப் பயனில்லை, பிரேம் வேகத்தை மாற்ற வேண்டும். நன்றாக வந்துகொண்டிருந்து ஒரு குறிப்பிட்ட காட்சிக்குப் பிறகு திடீரெனத் தாவினால், 198 நிமிடப் பிரதிக்கு 204 நிமிட சப்டைட்டிலைப் போட்டிருக்கிறீர்கள். வேறு சப்டைட்டில் தேடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் மெதுவாகப் போகிறது. ஓட்டிவிடலாமா?

கூடாது. கப்பர் திரையில் வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதுவரை அவன் பெயரை மட்டும் கேட்டு, ஊர் நடுங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஜெயில் நகைச்சுவை இன்றைக்குச் சற்று நீளம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஒரு மணி நேரத்தில்தான் இரண்டு பேரின் பழக்கவழக்கங்கள் எல்லாம் பதிகின்றன. வீரு வாயைத் திறப்பான், ஜெய் கேட்டுக்கொண்டிருப்பான். வீரு ஆசைப்படுவான், ஜெய் கணக்குப் போடுவான். கடைசி அரை மணி நேரம் முழுக்க இந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவாகிறது.

தொடக்கத்திலேயே வரும் ரயில் சண்டையை மட்டும் யாரும் மெதுவென்று சொல்ல மாட்டார்கள். பம்பாய் - புனே பாதையில் பன்வேல் பக்கம் ஏழு வாரம் எடுத்த காட்சி.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். ரத்தம் இன்றைய படங்களைவிடக் குறைவுதான். ஆனால் தாகுரின் குடும்பத்துக்கு நேர்வது பெரியவர்களையே உலுக்கும். அதில் ஒரு சிறுவனும் உண்டு. சுடும் கணத்தைக் காட்டாமல், வெடிச் சத்தத்தோடு காட்சி ரயிலுக்கு மாறிவிடும். காட்டாததாலேயே அது மனதை விட்டுப் போகாது.

கப்பர் சிங்கைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அதற்கு முன் ஹிந்திப் படக் கொள்ளையர்கள் பெரும்பாலும் வேட்டி, தலைப்பாகை, நெற்றித் திலகம் என்று வருவார்கள். அநீதியால் பாதை மாறியவன் என்று ஒரு நியாயமும் இருக்கும். கப்பருக்கு நியாயம் எதுவும் கிடையாது. அழுக்கேறிய ராணுவச் சீருடை போன்ற உடை, தோளில் தோட்டா வரிசை, வாயில் புகையிலை. அவன் அறிமுகத்தில் முதலில் முகம் வராது. பாறை மேல் நடக்கும் பூட்ஸும், கையில் தொங்கும் பெல்ட் கல்லில் உரசும் ஓசையும்தான்.

இந்த வேடம் முதலில் டேனி டென்சோங்பாவுக்குப் போனது. அவர் அப்போது ஆப்கானிஸ்தானில் வேறொரு படப்பிடிப்பில் இருந்ததால், நடிகர் ஜெயந்தின் மகனான அம்ஜத் கானிடம் வந்தது. அதிகம் அறியப்படாத முகம். ஜெயா பாதுரியின் தந்தை, பத்திரிகையாளர் தருண் குமார் பாதுரி சம்பல் கொள்ளையரைப் பற்றி எழுதிய நூலைப் படித்து அம்ஜத் தயாரானார். கப்பர் என்ற பெயரே 1950களில் குவாலியர் பக்கம் திரிந்த நிஜக் கொள்ளையன் ஒருவனுடையது.

இசையில் எதைக் கவனிக்கலாம்?

இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன். பாட்டுகளைவிடப் பின்னணி இசைதான் இந்தப் படத்தில் அவருடைய பெரிய சாதனை. பசந்தியின் வண்டியைக் கொள்ளையர் துரத்தும்போது வயலின் கூட்டத்தை அவர் கூப்பிடவில்லை. பண்டிட் சாம்தா பிரசாத்தின் தபலாவை ஓடவிட்டார். குதிரைக் குளம்பும் தபலாவும் எது எதுவென்று பிரியாமல் ஓடும். நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள்.

ஜெய்யின் மவுத் ஆர்கன் இன்னொன்று. இரவில் அவன் வாசிக்க, எதிரே மாடியில் ராதா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பாள். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பொழுது சாய்ந்து முழு இருட்டு வருவதற்குள் கிடைக்கும் சில நிமிட வெளிச்சம்தான் திவேசாவுக்கு வேண்டியிருந்தது, அதனால் அந்தச் சின்னக் காட்சிக்கே பல நாள் போனது.

பாட்டுகளில் கிஷோர் குமாரும் மன்னா டேயும் பாடும் நட்புப் பாட்டை எல்லோரும் அறிவார்கள், பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் வருவது. அதே மெட்டு பின்னால் ஒருமுறை திரும்பி வரும். அப்போது ஒரே குரல்தான்.

இந்தியாவின் முதல் 70 எம்எம் படம் இதுதானே?

இல்லை. 1967இல் ராஜ் கபூர் நடித்த 'அரவுண்ட் தி வேர்ல்டு' முந்திக்கொண்டது. ஷோலே அந்த வடிவத்தையும் ஸ்டீரியோ ஒலியையும் கூட்டத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்த படம்.

வந்த உடனே வெற்றியா?

இல்லை. முதல் நாட்களில் பத்திரிகைகள் கைவிட்டன, வியாபாரிகள் பயந்தார்கள். பிறகு வாய்வழிப் பேச்சில் ஏறி, பம்பாய் மினர்வா தியேட்டரில் ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடியது. பாட்டைப்போல வசனத்தையும் இசைத்தட்டாகப் போட்டு விற்றார்கள். ஃபிலிம்ஃபேரில் கிடைத்தது ஒரே விருது, படத்தொகுப்பாளர் எம்.எஸ். ஷிண்டேவுக்கு.

ராம்கட் எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்கலாமா?

கதையில் வட இந்தியா, எடுத்தது கர்நாடகத்து ராமநகரத்தில். 1973 அக்டோபரில் அங்கே படப்பிடிப்பு தொடங்கியது. பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். ரயிலில் போனால் பெங்களூர் - மைசூர் பாதையில் ராமநகரத்தில் இறங்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்தப் பாறைகள் சொந்த ஊர்ப் பாறைகள்போலவே தெரியும், ஒரே தக்காணத்துக் கருங்கல்.

கலை இயக்குநர் ராம் யெடேகர் அங்கே ஒரு கிராமத்தையே கட்டினார். அதில் எதுவும் மிச்சமில்லை என்பதை அறிந்துகொண்டு போங்கள். வீடுகளைத் தேடினால் ஏமாற்றம்தான். பார்க்க வேண்டியது ராமதேவர பெட்ட என்ற மலை. இப்போது அது பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயமும்கூட, ஆகவே சத்தம் போடுவது, கண்ட பாறையில் ஏறுவது வேண்டாம். காலையில் சீக்கிரம் போங்கள், பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கும். தண்ணீர் கையில் இருக்கட்டும், வழுக்காத செருப்பு வேண்டும். மழைக்கு மறுநாள் பாறைப் பக்கம் போகாதீர்கள்.

இனிமேல் வருபவை படம் பார்த்தவர்களுக்கு மட்டும்.

நான் பார்த்ததில் போலீஸ் வந்து தாகுரைத் தடுக்கிறது. நண்பர் பார்த்ததில் கப்பர் சாகிறான். யார் சொல்வது சரி?

இருவரும். படம் முடிந்த நேரத்தில் நாட்டில் அவசரநிலை. முன்னாள் போலீஸ் அதிகாரியே சட்டத்தைக் கையில் எடுத்துக் கொலை செய்வதைத் தணிக்கைக் குழு ஏற்கவில்லை. அதனால் போலீஸ் வந்து நிறுத்துவதாக முடிவைத் திரும்ப எடுத்தார்கள். அசல் முடிவில், கைகளை இழந்த தாகுர் ஆணி வைத்த காலணிகளால் மிதித்தே கப்பரைக் கொல்கிறார். அகமதுவின் கொலையிலும் கத்தரி விழுந்தது.

அசல் முடிவே கதைக்குப் பொருந்தியது. ராம்லால் அந்தக் காலணிகளில் ஆணி அடிப்பது எதற்காக என்ற கேள்விக்கு அதில்தான் விடை இருக்கிறது. கொன்ற பிறகு தாகுர் உடைந்து அழுவதும் முக்கியம். பழி தீர்ந்தும் அவருக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

ஜெய் சாகாமல் இருந்திருக்கலாமே?

வெளியான வாரத்தில் படக்குழுவும் இதையே யோசித்தது. ஒப்பந்தமானபோது அமிதாப் தடுமாறிக்கொண்டிருந்த நடிகர். படம் வருவதற்குள் பெரிய நட்சத்திரம். வசூல் மந்தமாக இருக்கவே, ஜெய்யைப் பிழைக்க வைத்து மீண்டும் எடுக்கலாமா என்று பேசினார்கள். சில நாள் பொறுத்துப் பார்க்க முடிவானது, அதற்குள் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. நல்லவேளை. ஜெய் பிழைத்திருந்தால் அந்த நாணயத்துக்கு அர்த்தமே இல்லை.

நாணயத்தின் இரண்டு பக்கமும் தலை என்றால், ஜெய் வீருவை ஏமாற்றிக்கொண்டே இருந்தானா?

ஆம், முதல் நாளிலிருந்து. பூவா தலையா என்று சுண்டியபோதெல்லாம் முடிவு முன்பே அவன் மனதில் இருந்தது. ரயிலில் காயம்பட்ட தாகுரை விட்டுவிட்டு ஓடலாமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று சுண்டினார்களே, அது விதி அல்ல, ஜெய்யின் தீர்மானம். நல்லவன் என்று காட்டிக்கொள்ள அவனுக்குக் கூச்சம், அதனால் பழியைக் காசின் மேல் போட்டான். பாலத்தருகே கடைசியாகச் சுண்டியபோதும் அதேதான். யார் நின்று சமாளிப்பது, யார் பசந்தியை அழைத்துக்கொண்டு போவது என்பதில் வீருவுக்கு வாய்ப்பே இருக்கவில்லை. நண்பன் இறந்த பிறகு காசைத் திருப்பிப் பார்த்துத்தான் வீரு அதை அறிகிறான்.

இரண்டாம் முறை பார்க்கும்போது எங்கே கண் வைக்கலாம்?

காசு சுண்டும் ஒவ்வொரு முறையும் காசைப் பார்க்காமல் ஜெய்யின் முகத்தைப் பாருங்கள். அவன் விழுந்த பக்கத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு உடனே மூடிவிடுவான், வீருவின் கையில் கொடுக்க மாட்டான். அடுத்து தாகுரின் சால்வை. அவர் எதையும் கையில் வாங்காமல் இருப்பதற்குப் படம் எத்தனை விதமாகச் சாக்குச் சொல்கிறது என்று எண்ணுங்கள். கதவு திறப்பது, பணம் தருவது எல்லாவற்றுக்கும் ராம்லால்தான் முன்னே வருவார். கடைசியாக ராதாவின் ஜன்னல். ஜெய்யின் சிதை எரியும்போது அவள் அதை மூடுகிறாள், முன்பு விளக்கை அணைத்த அதே நிதானத்தோடு.